ராகத்துக்கு மதம் உண்டா?

(புதுக்கோட்டை மாவட்டத்தில், குடுமியான்மலையை அடுத்த ஓர் ஊரில் கூடிய தோழர்களிடையே பேசியதன் சாரம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஜாதி ஒழிப்பைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஆனால், நம் தோழர்களில் எத்தனையோ பேர் மனதில் வைத்துக்கொண்டு வெளியில் சொல்ல வெட்கப்படும் சங்கதி இதுவேயாகும். பகலெல்லாம் கடவுள் இல்லை என்று பேசுகிறோம். இரவில் பக்கத்து ஊர்த் திருவிழாவிலிருந்து நாயனச் சத்தம் காற்றில் வந்தால், காதை மூடிக்கொள்ள மனம் வருவதில்லை. முருகனைப் பற்றிய பாட்டாயிருந்தாலும் தலை தானாக ஆடுகிறது. பிறகு, "நாம் செய்தது சரிதானா?" என்று ஒரு உறுத்தல்.

இதில் நம்மவர்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. "பக்திப் பாட்டைக் கேட்பவன் சுயமரியாதைக்காரனே அல்ல" என்பது ஒரு கட்சி. "பாட்டில் வார்த்தை எவனுக்கு வேண்டும்? ராகம் இருந்தால் போதும்" என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு சண்டை போடுவதால் பயன் ஒன்றுமில்லை.

இதோ, கூப்பிடு தூரத்தில் இருக்கும் குடுமியான்மலைப் பாறையையே பாருங்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அந்தக் கோவிலை ஒட்டிய பாறையில் உள்ள எழுத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? சுமார் 7-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட சங்கீதக் கல்வெட்டு அது. இந்தியாவின் சங்கீத சரித்திரத்துக்கே முக்கியமான ஆதாரம் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். தொடக்கத்தில் சிவனுக்கு ஒரு வணக்கம் இருக்கிறது. முடிவில், சிவபக்தனான ஓர் அரசன் மாணாக்கர்களுக்காக இதைச் செய்தான் என்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 7 பிரிவுகளாகப் பாறை நிறைய இருப்பது என்ன? வெறும் ஸ்வரங்கள்! அதில் சிவனும் இல்லை, திருமாலும் இல்லை. மனிதன் தொண்டையாலும் விரலாலும் பழகிப் பழகிக் கண்டுபிடித்த கணக்குத்தான் இருக்கிறது. கடவுள் பெயர் வாசற்படியில் நிற்கிறது. வீட்டுக்குள் இருப்பது மனிதனுடைய உழைப்பு.

இந்தப் புதுக்கோட்டைச் சீமையின் பெருமையும் அப்படிப்பட்டதே. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று கொண்டாடப்படும் மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர். அவருடைய சிஷ்யரும், மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேர் பெற்றவருமான தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936-இல் காலமானார். அவர்கள் வளர்த்தது தாளம். தாளத்துக்கு எந்த மதம்? நாலும் மூன்றும் ஏழு என்பது இந்துவுக்கு ஒன்று, துலுக்கருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று என்று இருக்குமா?

அந்தக் கஞ்சிராதான் எதனால் ஆனது? பலாமரமும் உடும்புத் தோலும். மிருதங்கத்துக்குப் பசுவின் தோலும் வேண்டும், ஆட்டின் தோலும் வேண்டும், எருமைத் தோலும் வேண்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தி வாத்தியம் செய்து கொடுக்கிறவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட ஜாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் பலர் கிறிஸ்தவர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். பசுவைத் தெய்வம் என்று பாடுகிற பாட்டுக்கு அந்தப் பசுவின் தோலே தாளம் போடுகிறது. செய்து கொடுத்தவன் பெயரோ கச்சேரி நோட்டீசில் இல்லை. ஆகவே, சங்கீதம் தெய்வத்தால் வந்தது என்று சொல்லுவது, உழைத்தவன் கூலியைச் சாமி உண்டியலில் போடுவது போன்றதேயாகும்.

நிற்க. அப்படியானால் வார்த்தையைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்றே நாம் சொல்லுகிறோம். தெலுங்கும் சமஸ்கிருதமுமே கச்சேரி மேடையில் ஆதிக்கம் செலுத்திய காலத்தில், பொருள் தெரியாமலேயே நம் மக்கள் தலையாட்டினார்கள். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. மொழி புரியத் தொடங்கியது, வந்தது நன்மைதான். ஆனால், பாஷை மாறியதே தவிர சரக்கு மாறவில்லை. தமிழில் பாடினால் மட்டும் போதாது, பாட்டின் பொருளும் அறிவுக்கும் மானத்துக்கும் ஒத்ததாக இருக்கவேண்டும் என்று பெரியார் அக்காலத்திலேயே வற்புறுத்தியது இதனால்தான். புரியாத பாட்டு காதோடு போய்விடும். புரிகிற பாட்டு மனதில் குடியேறும். "எல்லாம் அவன் செயல்" என்பதை நூறு தடவை இனிமையாகக் கேட்கிற குழந்தை, பசிக்கும் அவன் செயல்தான் காரணம் என்று நம்பிவிடாதா?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியது என்று நினைக்கவேண்டாம். மேல்நாட்டில் 'முற்போக்கு ராக்' என்று ஒருவகைச் சங்கீதம் இருக்கிறது. மின்சாரக் கித்தாரும் டிரம்முமாக, ஒரே பாட்டை இருபது நிமிஷம்கூட வாசிப்பார்கள். 'எஸ்' என்ற இங்கிலாந்துக் கோஷ்டி 1973-இல், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையிலுள்ள ஓர் அடிக்குறிப்பை வைத்தே இரண்டு இசைத்தட்டு நிறைய வாசித்தது. அமெரிக்காவில் நீல் மோர்ஸ் என்பவர் 2002-இல் தம் கோஷ்டியை விட்டு விலகி, கிறிஸ்தவ பக்தியைப் பாட ஆரம்பித்தார். அங்கும் நம்மைப் போல மதநம்பிக்கை இல்லாத ரசிகர்கள் உண்டு. "வாசிப்பு பிரமாதம், பிரசங்கம்தான் தாங்கவில்லை" என்பதே அவர்கள் பாடும்.

எதிர்த் தரப்பாரின் அவஸ்தையையும் பாருங்கள். டி.எம். கிருஷ்ணா பெருமாள்முருகன் எழுதிய பெரியார் பாட்டைப் பாடினார். 2024-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தவுடன், அவர் பெரியாரைப் புகழ்கிறவர் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, சில வித்வான்கள் அகாதெமி மேடைக்கே வரமாட்டோம் என்றார்கள். ராகந்தான் முக்கியம், வார்த்தை முக்கியமல்ல என்று நமக்கு உபதேசித்தவர்கள் எங்கே போனார்கள்? சாமி பெயர் இருக்கும் வரை வார்த்தை முக்கியமில்லை; மனிதன் பெயர் வந்தால் வார்த்தைதான் முக்கியம். இதுதானே அவர்கள் நியாயம்?

தோழர்களே! இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பக்திப் பாட்டு நம் நெஞ்சைத் தொடுவது எதனால்? அதில் இருக்கும் ஏக்கம் பொய் அல்ல. பிள்ளையை இழந்தவள் ஏக்கம், நாதியற்றவன் ஏக்கம், பயந்தவன் ஏக்கம் எல்லாம் மெய்யானவை. ஆனால், அது விலாசம் தப்பிய கடிதம். எழுதியவன் கண்ணீர் உண்மை. வாங்குவதற்குத்தான் அந்த விலாசத்தில் ஆள் இல்லை. ஆகவே, அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறவன் தன் கொள்கையை விட்டவன் ஆகமாட்டான். அந்தக் கடிதத்தை மனிதனுக்குத் திருப்பி அனுப்புவதுதான் நம் வேலை.

அந்த வேலை ஆகாததும் அல்ல. பாரதிதாசன் பாட்டொன்றுக்குத் தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தார். 1951-இல் வந்த 'ஓர் இரவு' படத்தின் மூலம் அது பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. அதில் கடவுள் இல்லை; துன்பப்படும் ஒருவருக்கு இன்னொருவர் யாழ் எடுத்து ஆறுதல் தரவேண்டும் என்ற ஆசைதான் இருக்கிறது. ராகம் அதனால் குறைந்துவிட்டதா?

ஆகையால் நாம் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுதான். தாயார் சமையற்கட்டில் பாடினால் ரகளை செய்யாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள், முடிந்த பிறகு பொருளைக் கேளுங்கள். உங்கள் வீட்டுச் சுயமரியாதைக் கல்யாணத்துக்கு நாயனக்காரரைத் தயங்காமல் அழையுங்கள். ராகம் வாசிக்கச் சொல்லுங்கள், மனிதனைப் பற்றிய பாட்டைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கு நாற்காலி போடுங்கள். தோளில் துண்டோடு உட்காரட்டும். நாயனக்காரர் தோளில் துண்டு போடக்கூடாது என்று இருந்த காலத்தில், கானாடுகாத்தானில் "துண்டை எடுக்காதே" என்று சொன்னவர் நம் பட்டுக்கோட்டை அழகிரிசாமி என்பதை மறவாதீர்கள். வாத்தியம் செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் சேரவேண்டிய மரியாதை சேர்ந்தால், சாமிக்குப் போய்க்கொண்டிருக்கும் மரியாதை தானாகக் குறையும்.

சங்கீதத்தைப் பக்தர்கள் வசம் ஒப்படைத்துவிட்டு நாம் வெளியேறுவது, நம் பாட்டன் வெட்டிய கிணற்றை, கரையில் எவனோ பிள்ளையாரை வைத்தான் என்பதற்காக விட்டுக்கொடுப்பது போன்றதாகும். கிணறு நம்முடையது, தண்ணீரும் நம்முடையது. குடிக்க எவரும் வெட்கப்படவேண்டாம் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.