இந்தச் சாமத்தில எங்க போறாய்?



"இந்தச் சாமத்தில எங்க போறாய்?" என்று கேட்காத தாய் திருகோணமலையில் இல்லை. அவள் மணிக்கூட்டைப் பார்த்துக் கேட்பதில்லை. பத்தரை மணியும் அவளுக்குச் சாமம்தான், மூன்று மணியும் சாமம்தான்.

ஏட்டில் இதற்குக் கறாரான கணக்கு உண்டு. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஏழரை நாழிகை சேர்ந்தால் ஒரு சாமம். இரவுக்கு நாலு சாமம். சிவராத்திரியில் கோணேசர் கோயிலில் கண்விழித்தவர்களுக்கு நாலு சாமப் பூசையும் நாலு விதமாக நினைவிருக்கும்; மூன்றாம் சாமத்தில்தான் கண் செருகும். மற்ற நாட்களில் நடுச்சாமம், விடியச்சாமம் என்ற இரண்டு போதும்.

இந்தச் சாமத்தைத்தான் இலக்கணம் யாமம் என்கிறது. தொல்காப்பியர் யாமத்தை மலைநிலமான குறிஞ்சிக்குக் கொடுத்தார். கடற்கரையான நெய்தலுக்கு அவர் வைத்தது எற்பாடு, பொழுது சாயும் நேரம். பிரிந்தவளின் ஏக்கத்துக்கு அது பொருந்தும். தொழிலுக்குப் பொருந்துமா? விடியச்சாமத்தில் கரையில் நின்று பாருங்கள். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் வலையின் சிக்கெடுக்கிறார் ஒருவர். பக்கத்தில் மணலில் சரிந்தபடி ஒரு தேத்தண்ணிப் போத்தல். அதை நிரப்பிக் கொடுத்தவள் அவருக்கு முன்னமே எழும்பியவள். எங்கள் நெய்தலுக்கு உரிய பொழுது யாமம்தான் என்று இந்த மேடையில் நின்று துணிந்து சொல்வேன்.

நோன்பு மாதத்தில் கிண்ணியாவில் அடுப்பு மூளுவதும் சாமத்தில்தான். சீனக்குடா மாவாலைக்கு வேலைக்குப் போகிறவருக்கும், ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிற தாதிக்கும் அது சம்பளம் தருகிற பொழுது.

யுத்தம் இந்தச் சொல்லைச் சுருக்கிவிட்டது. சாமத்தில் நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கிக் கிடந்தோம். "சாமத்தில வந்தவங்கள்" என்றால் அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பயத்தை மறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதுவும் இந்தச் சொல்லுக்குள் இருக்கட்டும்.

ஆனால் கதை எழுதுகிற பிள்ளைகளே, உங்கள் கதைகளில் சாமம் வந்தால் பேய் வருகிறது, இல்லையென்றால் துவக்கு வருகிறது. மற்ற இடத்திலெல்லாம் "நள்ளிரவு" என்று செய்தி வாசிக்கிறவர் குரலில் எழுதுகிறீர்கள். உங்கள் வீட்டில் யார் நள்ளிரவு என்று சொல்கிறார்கள்? சாமம் என்றே எழுதுங்கள். அந்தத் தேத்தண்ணிப் போத்தலையும், அதை நிரப்பியவளையும் சேர்த்து எழுதுங்கள்.