தேய்ந்த டயரின் கதி

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர் ஒருவர், அம்பத்தூரில் உள்ள என் வீட்டு மாடியைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். மாடியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் ஏறிச் சென்று, மூலையில் கிடந்த இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர்களைச் சற்றே சாய்த்து, உள்ளே டார்ச் விளக்கை அடித்து, "சார், கொஞ்சம் மேலே வந்து பாருங்க" என்று அழைத்தார். தேங்கியிருந்த மழைநீரில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அதற்கு முந்திய வாரந்தான் எதிர்வீட்டுச் சிறுமியை டெங்குக் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அவளைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும் அன்று மாலை அவளுடைய தந்தையைத் தெருவில் கண்டபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

தேய்ந்த டயரின் கதி என்ன என்று விசாரிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அதைப் பற்றியே நேயர்களிடம் இன்று பேச விரும்புகிறேன்.

எங்கள் பகுதிக்கும் டயருக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1959-ஆம் ஆண்டில் டன்லப் கம்பெனி அம்பத்தூரில் தன் தொழிற்சாலையை நிறுவியது. பின்னாளில் அது மூடப்பட்டுவிட்டது. டயர்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பாடியிலிருந்து ஆவடி வரையிலும், பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் செல்லும் சாலையிலும், பஞ்சர் கடை வாசல்தோறும் அவை கரிய தூண்களாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

டயர் ஏன் இப்படிக் குவிகிறது? கச்சா ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை நீங்கும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். நம் தொல்லைக்கு மூலமும் அதுவே. கந்தகம் ரப்பரின் நெடுந்தொடர்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. வடித்த சோறு மீண்டும் அரிசியாகாதது போல, அவ்வாறு வெந்த ரப்பரை உருக்கிப் புதிய டயராக வார்க்க முடியாது. போதாததற்கு எஃகுக் கம்பியும் கரித்தூளும் அதனுள் சேர்ந்திருக்கின்றன. புதைத்தால் மக்குவதில்லை. வெளியில் போட்டாலோ, டெங்குக் கொசு அதன் உட்சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கின்றன.

அப்படியானால் எரித்துவிடலாமே என்பவர்கள் உண்டு. போகியன்று நம் தெருக்களில் நடப்பது அதுதானே! கந்தகப் புகையும், புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்களும் அந்தக் கரும்புகையில் அடக்கம். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னையில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1983-இல் ஒரு டயர்க் குவியலில் பற்றிய தீ, ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் எரிந்தது.

நல்ல வழிகள் இல்லாமலில்லை. உடல் கெடாத லாரி டயருக்குப் புதிய மேற்பட்டை ஒட்டி வேகவைப்பது முதல் வழி. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், டயர் செய்யப் புகுமுன்பே, 1952-இல், இந்த மேற்பட்டை ரப்பரைத்தான் தயாரித்தது. அதற்கும் உதவாத டயர், செருப்பாகவும் கொத்தனார் கூடையாகவும் மறுபிறவி எடுப்பதை நாம் அறிவோம். எஞ்சியதைப் பொடியாக்கித் தாருடன் கலந்தால் சாலை எளிதில் வெடிப்பதில்லை. காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கி எண்ணெயும் கரியும் எடுக்கும் முறையும் இருக்கிறது. அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. சரிவரக் கண்காணிக்காத அத்தகைய உலை, தினந்தோறும் போகி கொண்டாடுவதற்குச் சமானம்.

2022 ஜூலையில் மத்திய அரசு, கழிவு டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை டயர் தயாரிப்பாளர்கள் மீதும் இறக்குமதியாளர்கள் மீதும் சுமத்தி விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் என் மாடியில் கிடந்த டயரை எந்தக் கம்பெனி வந்து தேடும்? என்றைக்காவது உதவும் என்று அதை அங்கே ஏற்றி வைத்தவன் நானல்லவா?

இரண்டையும் தெருமுனைப் பஞ்சர் கடைக்கு உருட்டிச் சென்றேன். லாரி டயர் என்றால் வியாபாரி விலை கொடுத்து வாங்குவார், ஸ்கூட்டர் டயரைச் சும்மாதான் எடுப்பார் என்றார் கடைக்காரர். உடனே ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் நிற்காதபடி அவற்றில் நாலைந்து துளையிட்டு, கூரையின்கீழ் மாட்டினார். போகிக்காக டயர் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, சென்ற ஆண்டு முதல் தாம் கொடுப்பதில்லை என்றும் சொன்னார்.

எதிர்வீட்டுச் சிறுமி குணமாகி வீடு திரும்பிவிட்டாள். அவளுடைய தந்தையிடம் என் மாடி விஷயத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, தம் வீட்டுக் கொல்லையிலும் ஒரு டயர் கிடப்பதாகச் சொல்லி, என்னையும் உடன் அழைத்துக்கொண்டு உள்ளே சென்றார்.