உடல் மறவாத பகை

(கருவடிக்குப்பத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என் பாட்டியார் முகத்தில் வைசூரித் தழும்பு இருந்தது. வீதியில் எவர் வீட்டில் அம்மை வார்த்தாலும் அவர் அஞ்சாது சென்று பணிவிடை செய்வார். ஒருமுறை கண்டவரை அது மறுமுறை தீண்டாது என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதன் காரணம் யாதென இன்று ஆராய்வோம்.

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களில் நிணநீரணுக்கள் என்பன ஒரு வகை. அவை ஒவ்வொன்றின் மேற்புறத்தும் பற்றுறுப்புகள் உண்டு. ஓரணுவின் பற்றுறுப்பு வடிவில் மற்றோரணுவினதை ஒவ்வாது. இங்ஙனம் கோடிக்கணக்கான வடிவங்கள் நோய் வருமுன்னரே அமைந்துள்ளன. கிருமி உட்புகுங்கால், அதன் மேலுள்ள பொருளோடு, பூட்டிற்குத் திறவுகோல்போல, எவ்வணு பொருந்துகின்றதோ அதுவே விழித்தெழுந்து பல்கிப் பெருகும். அவ்வழித் தோன்றிய அணுக்கள் எதிர்ப்பொருளைச் சுரந்து கிருமியை முடக்கும். தன்னுடம்பையே பகையென்று பற்றும் அணுக்களோ பெரும்பாலும் முதிருமுன்னரே களையப்படும்.

இப்பெருக்கத்திற்கு ஒரு வாரமோ இரு வாரமோ செல்லும். அதற்குள் நோய் முற்றின் உயிர்க்கு ஏதமாம். பிழைத்தவர் உடலிலோ சில அணுக்கள் நினைவணுக்களாய் நெடுங்காலம் நிற்கும். அப்பகை மீண்டும் வரின் விரைந்தெழுந்து அடக்கும்.

நோயின் துன்பமின்றி இப்பாடத்தை மட்டும் உடற்குக் கற்பித்தல் கூடுமோ? கூடும். 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் மருத்துவர் பசுவம்மைச் சீழை ஒரு சிறுவன் கையிற் குத்தினார். பசுவம்மைக் கிருமியும் வைசூரிக் கிருமியும் ஓரினத்தன. ஆதலின் ஒன்றை அறிந்த அணு மற்றதனையும் அறியும். நம் அண்மையில், கிண்டியில் 1899-இல் நிறுவப்பெற்ற கிங் நிலையம் அம்மைப்பால் ஆக்கி அளித்தது. 1975-க்குப் பின் இந்நாட்டில் வைசூரி கண்டவர் இல்லை. 1980-இல் அஃது உலகினின்றே ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நிற்க. நம் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு குறை காண்கின்றேன். தொண்டையடைப்பான், கக்குவான், ரணஜன்னி முதலியவற்றைத் தடுக்கக் குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஊசியிடுகின்றனர். முதல் ஊசியன்று இரவு உடல் சுட்டது கண்டு, சிலர் அடுத்த தவணைக்குச் செல்வதில்லை. அச்சிறு சுரம் பெரும்பாலும் உடலின் காவலர் விழித்தமைக்கு அடையாளமே. சுரம் மிகினும் நீடிப்பினும் மருத்துவரிடம் காட்டுக, தவணையைக் கைவிடற்க. ஒருகால் ஓதிய பாடத்தை மாணாக்கன் மறப்பதும், மும்முறை ஓதியது நெஞ்சில் நிலைப்பதும் யான் பள்ளியில் நாடோறும் காண்பனவே. உடலும் அத்தகைய மாணாக்கனே.

மாரியம்மனை வணங்குவது நம் மரபு. அதனை விட வேண்டுவதில்லை. வேப்பிலையைக் கட்டிய கையே குழந்தையை ஊசிக்கும் எடுத்துச் செல்க என்பதே என் வேண்டுகோள். இன்று இல்லம் சென்றவுடன் குழந்தையின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எத்தவணை விடுபட்டிருப்பினும் காலங்கடந்ததென்று வாளாவிராது, மருத்துவரைக் கேட்டு நிறைவு செய்யுங்கள்.