கழலையில் பிறக்கும் பேனா
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு மேசையில் சில மரப்பேனாக்கள் இருக்கின்றன. கடையில் வாங்கியவை அல்ல. நான் கடைசல் எந்திரத்தில் கடைந்தவை. "மரத்திலே எப்படி சார் பேனா வரும்?" என்று முன்வரிசைப் பிள்ளைகள் அப்போதே கேட்டுவிட்டார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு முதல் பாடம் தேவையில்லை. கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? அங்கே பட்டை சமமாக வளராது. முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். "காயம் போட்டுட்டியே!" என்று மண்டோர் சத்தம் போடுவார். கழலையும் ஏறக்குறைய அப்படித்தான். அடிபட்டோ, பூச்சி பூஞ்சணம் தாக்கியோ, சில மரங்களில் ஓரிடத்தில் மொட்டுகள் கணக்கில்லாமல் கிளம்பும். கிளையாக நீளாமல் அங்கேயே சுருண்டு திரண்டு கட்டியாக நிற்கும். வெளியே பார்க்க அசிங்கம். அறுத்துப் பார்த்தாலோ, புள்ளி புள்ளியாகக் கண்கள். ஆற்றுச் சுழல் போல ரேகைகள்.

நம் சாலையோரத்து அங்சானாவைப் பாருங்கள். ஒருநாள் பூத்து, மறுநாள் ரோடெல்லாம் மஞ்சள் பாய் விரிக்குமே, அதே மரம். தமிழ்நாட்டு வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய சொந்தம். இதன் கழலையை உலகச் சந்தையில் அம்போய்னா என்பார்கள்; இந்தோனேசியாவின் அம்போன் தீவு தந்த பெயர். பிலிப்பைன்ஸ்காரர்கள் இதே மரத்தை நாரா என்று அழைத்து, 1934-இல் தேசிய மரமாகவே அறிவித்துவிட்டார்கள்.

இனி வேலை. முதலில் மரம் காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் பழைய கணக்கு. நம் ஊர் ஈரக் காற்றில் அவசரப்பட்டால், முடித்த பேனா மேசை மேலேயே வெடித்துக் கிடக்கும். காய்ந்த கட்டையை முக்கால் அங்குலச் சதுரமாக அறுத்து, நடுவில் 7 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். டிரில்லை ஒரேயடியாக அழுத்தக் கூடாது. கொஞ்சம் இறக்கு, வெளியே எடு, தூளைத் தட்டு, மறுபடி இறக்கு. சூடேறினால் கட்டை பிளந்துவிடும். துளைக்குள் பித்தளைக் குழலை எபோக்சி பசை பூசிச் செருகி, ஒருநாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

பிறகுதான் கடைசல். சாதாரண மரத்தில் நார் ஒரு திசையில் ஓடும். கழலையில் அது நாலா பக்கமும் ஓடுகிறது. உளி மழுங்கியிருந்தால் சீவாது, பிய்க்கும். பால்வெட்டுக் கத்தியை நீங்கள் எப்படித் தீட்டுகிறீர்களோ அந்த அக்கறை இங்கேயும் வேண்டும். மெலிசாக, மிக மெலிசாகச் சீவிக்கொண்டே வரவேண்டும். கண்ணுக்குள் பொந்து தென்பட்டால் அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். பிறகு உப்புத்தாள், 180-இல் தொடங்கி 600 வரை. கடைசியில் அரக்கோ மெழுகோ. தம்பிகளா, பெரியவர் பக்கத்தில் இல்லாமல் எந்திரத்தைத் தொடாதீர்கள். கண்ணாடி, முகமூடி கட்டாயம். அங்சானாத் தூள் சிலருக்கு மூச்சுத் திணறலையும் தோல் அரிப்பையும் கொண்டுவரும்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்குக் கோடாலியோடு ரோட்டுக்குப் போய்விடக் கூடாது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில், கழலைத் திருடர்கள் இரவோடு இரவாக உயிர் மரத்தை அறுத்துக்கொண்டு போனார்கள். தொல்லை தாங்காமல் 2014-இல் ஒரு பூங்காச் சாலையை இரவில் மூடவேண்டி வந்தது. கழலையை வெட்டிய இடம் ஆறாத புண். நோய் உள்ளே போக அது வாசல். அங்சானாதான் தெருவுக்குத் தெரு நிற்கிறதே என்பீர்கள். நட்டது நிற்கிறது; காட்டில் தானாக வளர்ந்தது அருகிவிட்டது. அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் உலகப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மழைக்காற்றில் தானாக விழுந்த மரம், அதுவும் கேட்டு வாங்கியது. எனக்கு அது போதும்.

மேசையில் உள்ளவற்றில் இரண்டு வெளிர் நிறமாக இருக்கும். அவை ரப்பர் மரம். ஒரு காலத்தில் பால் வற்றிய மரத்தை விறகாகத்தான் எரித்தார்கள். 1980-களுக்குப் பிறகு அதுவே நாற்காலியும் மேசையுமாகக் கப்பல் ஏறியது. அறுத்த உடனே மருந்து ஏற்றாவிட்டால் வண்டு துளைத்துவிடும். அது ஒன்றுதான் சிரமம். தாத்தா பாட்டி பால் எடுத்த மரத்தில் பேரன் எழுதட்டுமே என்று ஆசைப்பட்டுச் செய்தேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் வீட்டில் "எத்தனை மார்க்?" என்று கேட்பது நிற்கவில்லை. உங்கள் பையன் பழைய சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரி என்றொரு வழியும் இருக்கிறது. விவரத்தை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

பேனா பெறும் பிள்ளைகளே, மை தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேல் பாதியைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். பழைய ரீஃபில்லைத் திருகி எடுத்துவிட்டு, கடையில் அதையே காட்டி, அதே மாதிரி மரை உள்ளதாக வாங்கித் திருகிவிடுங்கள்.