பதின்மூன்று பேர் சேர்ந்தால் ஏழே வருஷம்!

(கோவையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



போன வாரம் இதே மைதானத்தில் ஒருவர் பேசிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை பிடிக்கிறவனை ஜனங்கள் அடித்தால் அது மக்கள் கோபமாம். அதைக் கொலை என்று சொல்லக்கூடாதாம். கைதட்டும் வாங்கியிருக்கிறார். அந்தக் கைதட்டலைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மக்கள் கோபம்! அந்தக் கோபம் யார் மேல் வருகிறது ஐயா? ஊர் முழுக்கச் சீட்டுப் பணம் பிடித்துக் கம்பி நீட்டியவன் ஜாமீனில் வந்து காரை விட்டு இறங்கினால் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறீர்கள். அவனை எந்தக் கம்பத்தில் கட்டினீர்கள்? பைத்தியக்காரன், பிச்சைக்காரன், வடக்கே இருந்து வேலைக்கு வந்தவன், காட்டில் இருக்கிற ஆதிவாசி, இவர்களைக் கண்டால்தானே உங்கள் வீரம் பொங்குகிறது!

ஆனைகட்டி தாண்டினால் கேரளத்து அட்டப்பாடி. நம் வாசலில் இருக்கிற இடம். 2018 பிப்ரவரி 22. மனநிலை சரியில்லாத ஓர் ஆதிவாசி இளைஞர், காட்டுக்குள் குகையில் தனியாக இருந்தவர். கடையில் அரிசியும் சாமானும் திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டுக்குள்ளேயே போய்ப் பிடித்தது. கையைக் கட்டியது. அடித்துக்கொண்டே முக்காலி என்ற ஊர் வரைக்கும் கொண்டுவந்தது. நடுவில் ஒருவர் அவரைப் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுத்தார். படத்தைப் பார்த்திருப்பீர்கள். கட்டிய கை, எலும்பும் தோலுமான உடம்பு, ஒன்றும் புரியாத முகம். போலீஸ் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

காட்டுக்குள் தேடிப் போவதற்கு நேரம் இருந்தது. கட்டிக் கூட்டிவர நேரம் இருந்தது. படம் பிடிக்க நேரம் இருந்தது. இதற்குப் பெயர் ஆத்திரமா?

மண்ணார்க்காடு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. குற்றவாளிகள் 14 பேர். அதில் 13 பேருக்கு ஏழு வருஷம் கடுங்காவல். ஒருவருக்கு மூன்று மாதம். கொலைக் குற்றம் நிற்கவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்தல், அதிலும் இரண்டாம் பகுதி. செத்துப்போவான் என்று தெரியும், சாகடிக்க நினைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். உச்சபட்சமே பத்து வருஷம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒருத்தன் ஒருத்தனைக் கொன்றால் ஆயுள் அல்லது தூக்கு. பதின்மூன்று பேர் சேர்ந்து ஒருத்தனைக் கொன்றால் ஏழு வருஷம்! பங்கு போட்டுக்கொள்ளக் கொலை என்ன கோயில் சுண்டலா?

சட்டத்தில் வழி இல்லை என்று சில வக்கீல்கள் சொல்கிறார்கள். உண்டு ஐயா. சட்டவிரோதமாக ஐந்து பேர் கூடினால், கூடிய நோக்கத்துக்காக ஒருவன் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு. வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு அது. அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. சாவதற்குப் போதுமான காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கினாலே அது கொலை என்றும் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு முகம் இல்லையாம்! செல்ஃபியில் தெரிவது முகம் இல்லாமல் வேறென்ன?

2018 ஜூலை 17இல் உச்ச நீதிமன்றம் உத்தரவே போட்டது. கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாமல். வழக்கைக் கூடுமானவரை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். அட்டப்பாடியில் தீர்ப்பு வர ஐந்து வருஷம் ஆயிற்று. நம் மாவட்டத்தில் அந்த அதிகாரி யார்? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கை இல்லை!

2024 ஜூலை முதல் புதுச் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, சாதி, இனம், பிறந்த ஊர், மொழி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் ஆயுள் அல்லது தூக்கு. மதம் என்ற சொல்லை மட்டும் காணோம். மாட்டுக்காக மனிதனைக் கொல்கிற நாட்டில் அந்தச் சொல்லை எப்படி விட்டார்கள்? "அதுபோன்ற வேறு காரணம்" என்பதற்குள் வந்துவிடுமாம். வருமா வராதா என்று செத்தவனின் மனைவி கோர்ட் கோர்ட்டாக அலைய வேண்டுமா?

கேரளத்தை மட்டும் பேசிவிட்டுப் போகமாட்டேன். அதே 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம். வழி கேட்க நிறுத்திய இடத்தில், அந்தக் குடும்பத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டி பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்தார்கள். கொடுத்த கைக்குக் கிடைத்தது மரணம். பழவேற்காட்டில் யாரென்றே தெரியாத ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். எந்தப் பாட்டி இனி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பாள்? சொல்லுங்கள்!

அந்த வருஷம் நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வந்து குழந்தையைத் தூக்குகிற காட்சி. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினான் ஒரு பாவி. அதை அனுப்பியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பினீர்கள்.

ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில், ஓர் அம்மாவின் செல்போனை எடுத்தான் என்று ஒரு பையனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓடி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர். டிபன் பையைக் கீழே வைத்தார், ஒரு அறை விட்டார், பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். என்ன திருட்டு என்று கேட்கவில்லை. காணோம் என்ற போன் அந்த அம்மாவின் துணிப்பைக்குள்ளேயே அடித்தது. பையனின் உதடு கிழிந்து தொங்குகிறது. மறுநாள் பத்திரிகையில் "திருடனுக்கு தர்ம அடி". அடித்தவர்களில் ஒருத்தன் பேர் கிடையாது, ஒருத்தன் மேல் வழக்கு கிடையாது. அந்த டிபன் பைக்காரர் இன்றைக்கும் தன்னை யோக்கியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். அவரையும் கூண்டில் நிறுத்த வேண்டும் என்கிறேன் நான்!

அட்டப்பாடி வழக்கில் இருபதுக்கு மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். ஒரு சாட்சி, வீடியோவைப் போட்டுக் காட்டினால் கண் சரியாகத் தெரியவில்லை என்றார். நீதிபதி விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கண்ணைச் சோதிக்கச் சொன்னார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை! பதினான்கு பேருக்காவது தண்டனை கிடைத்தது என்றால், பிறழாமல் நின்றவர்களும், மிரட்டல் வந்தும் பின்வாங்காத அந்த இளைஞரின் தாயும்தான் காரணம்.

அதனால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நாளைக்கு உங்கள் தெருவில் ஒருவனைக் கட்டி வைத்தால் 100க்குப் போன் போடுங்கள். போலீஸ் வருகிறவரை நாலு பேராக அவனைச் சுற்றி நில்லுங்கள். பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் போங்கள்; யார் அடித்தது என்று கேட்டால், அது உங்கள் மச்சானாக இருந்தாலும் பெயரைச் சொல்லுங்கள்.