வெள்ள வரைபடத்தின் கோடு யாருக்காக வளைகிறது?

(தில்லி கட்சி வகுப்பில் ஆற்றிய உரை)



2019 ஆகஸ்டில் ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து யமுனையில் விநாடிக்கு 8.28 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. தில்லியில் நீர்மட்டம் 206.60 மீட்டரோடு நின்றது. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட உச்ச அளவு 3.59 லட்சம் கன அடி மட்டுமே, மட்டமோ 208.66 மீட்டரைத் தொட்டு, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டரையும் விஞ்சியது. பாதிக்கும் குறைந்த நீர் இரண்டு மீட்டர் கூடுதலாக உயர்ந்தது எவ்வாறு?

2023இல் வெள்ளவரத்து நெடுநேரம் நீடித்தது என்பது ஒரு காரணம். மற்றவை ஆற்றின் உடலில் இருக்கின்றன. ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து வண்டலில் சிக்கித் திறக்க முடியாமல் கிடந்தன. பாலங்களும் கரைகளும் ஆற்றை நெருக்கியிருந்தன.

இவற்றைக் கணக்கிடும் கருவியே கணினி மாதிரி. ஆற்றின் குறுக்குவெட்டுகள், நிலத்தின் ஏற்றத்தாழ்வு, படுகையின் உராய்வு, மேலிருந்து வரும் நீரின் அளவு ஆகியவற்றை உள்ளிட்டால், எத்தெருவில் எவ்வளவு ஆழம் நீர் நிற்கும் என்பதை அது வரைந்து காட்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய ஹெக்-ராஸ் மென்பொருள் இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது. (ஏகாதிபத்தியத்திடமிருந்து விலையின்றி வருவது அபூர்வம், பயன்படுத்திக்கொள்வோம்!) ஆனால் எல்லா மதகுகளும் திறந்திருக்கும் என்று உள்ளிட்டால், ஐந்து மதகுகள் அடைபட்ட நகரத்தின் வெள்ளம் அதில் தெரியாது. பழைய குறுக்குவெட்டை உள்ளிட்டால், அதற்குப்பின் படிந்த வண்டலும் தெரியாது.

கரை ஒன்றை எழுப்பினால் வரைபடமே மாறிவிடும். காமன்வெல்த் விளையாட்டுக் கிராமம் அமைந்த இடம் வெள்ளச் சமவெளியன்று என 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, அருகே எழுப்பப்பட்டிருந்த கரையும் அவ்வாதத்திற்குத் துணை நின்றது. 2004இல் யமுனா புஷ்டாவின் குடிசைகள் இடிக்கப்பட்டபோது அவ்வுழைப்பாளிகளுக்குக் கரை கட்டித்தர எவரும் முன்வரவில்லை. அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் எனப்பட்டனர். பணமுள்ளவனிடம் கோடு வளைகிறது. ஏழையிடம் புல்டோசராக வருகிறது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'நூறாண்டு வெள்ளம்' என்பதை நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்றே பலகாலம் எழுதிவந்தேன். எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ளது என்பதே அதன் பொருள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது வரலாம். வந்து போய்விட்டது, இனி நம் பேரன் காலத்தில்தான் என்று ஆற்றோரத்தில் குடியிருப்பவர் நம்பிவிட்டால், அதில் எனக்கும் பங்குண்டு.

எந்த மாதிரியையும் உண்மையான வெள்ளத்தோடு ஒப்பிட்டே திருத்துகிறார்கள். 2023இல் யமுனா பஜாரின் வீட்டுச் சுவர்களில் நீர் நின்ற தடமும், மயூர் விஹார் சாலையோரக் கூடாரங்களில் தங்கியவர்களின் நினைவும் அவ்வொப்பீட்டுக்கு உதவும் சான்றுகளே. சுவர்கள் வெள்ளையடிக்கப்படும் முன் நம் கிளைகள் வீடுவீடாகச் சென்று அத்தடங்களை அளந்து, தேதியோடும் நேரத்தோடும் பதிய வேண்டும். வெள்ள வரைபடமும் அதற்குள் இட்ட எண்களும் இந்தியில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்று கோரும்போது, அப்பதிவேடு நம் கையில் இருக்கட்டும்.