உலர்த்தும் யந்திரத்தின் தீர்ப்பு



வெயில் எறிக்கும் நம் நாட்டில் துணி உலர்த்துவதற்கு ஒரு கொடியும் சிறிது காற்றும் போதும். மாதக்கணக்காகப் பனி மூடிக் கிடக்கும் வட அமெரிக்கக் குளிர்ப்பகுதிகளிலோ அது எளிய காரியமன்று. அங்கே விஸ்கொன்சின் மாநிலத்து டூ ரிவர்ஸ் நகரிலிருந்து, 1938ஆம் ஆண்டில், துணி உலர்த்தும் யந்திரம் விற்பனைக்கு வந்தது. இன்று குளிர்நாடுகளில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் அது சாதாரணப் பொருளாகிவிட்டது.

இவ்யந்திரத்தை இயக்க இரு வழிகள் உண்டு. இத்தனை நிமிடம் ஓடுக எனக் காலத்தைக் குறித்து விடுவது ஒன்று. துணி உலர்ந்ததும் தானே நின்றுகொள்ளும்படி விடுவது மற்றொன்று. இந்தத் தானியங்கு முறை பிழைக்கும்போதே மக்கள் திகைக்கின்றனர். ஈரம் போகுமுன்னரே யந்திரம் நின்றுவிடுகின்றது. அல்லது மணிக்கணக்காக ஓடியும் நிற்பதில்லை. உடனே, யந்திரத்தின் மூளையே கெட்டுவிட்டது என எண்ணிப் பெரும்பணம் செலவிட முற்படுகின்றனர். நீதிபதியைக் குறை கூறுமுன் சாட்சியை விசாரிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

துணி உலர்ந்ததென யந்திரம் எவ்வாறு அறிகின்றது? பல யந்திரங்களில், சுழலும் உருளையின் வாயருகே இரண்டு உலோகப் பட்டைகள் உள்ளன. ஈரத்துணி அவ்விரண்டையும் ஒருங்கே தொடும்போது சிறிதளவு மின்சாரம் பாய்கின்றது. ஈரம் குறையக் குறைய அப்பாய்ச்சலும் குறைகின்றது. அதுவே யந்திரத்துக்குக் கிடைக்கும் சாட்சியம். துணியை மென்மையாக்க இடும் மணத்தாள்கள் இப்பட்டைகளின்மீது மெழுகுபோன்ற படலத்தைப் படியவிடுகின்றன. படலம் மின்சாரத்தைத் தடுக்க, ஈரத்துணியையும் உலர்ந்ததென யந்திரம் கருதிவிடுகின்றது. மின் இணைப்பை நீக்கி, வினாகிரி தோய்த்த துணியால் பட்டைகளைத் துடைத்தால் பெரும்பாலும் குறை தீரும். இரண்டொரு துணிகளை மட்டும் இட்டாலும் அவை பட்டைகளைப் போதிய அளவு தொடா; அப்போதும் யந்திரம் முந்தி நின்றுவிடும்.

திருகுகுமிழ் பொருத்திய பழைய யந்திரங்களில் சாட்சியம் வேறு. வெளியேறும் காற்றின் வெப்பம் குறித்த அளவை எட்டியதும் சூடாக்கி அணைகின்றது. அது அணைந்திருக்கும் வேளையில் மட்டுமே உள்ளிருக்கும் கடிகார மோட்டார் நகர்கின்றது. ஆகவே, சூடாக்கும் கம்பி அறுந்துவிட்டால் அவ்வெப்பநிலை வருவதேயில்லை, கடிகாரமும் நகர்வதில்லை, யந்திரம் ஓய்வின்றிச் சுழலும். இதையறியாதார் நல்ல கடிகாரத்தைக் கழற்றி எறிந்து புதியதை வாங்குவர். குறையோ அப்படியே இருக்கும்.

இதனைப் பகுத்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதே துணிகளைக் காலம் குறித்து ஓட்டிப் பாருங்கள். அவை நன்கு உலர்ந்தால், வெப்பமும் காற்றும் சரியே. பிழை பெரும்பாலும் ஈரம் அறியும் பகுதியில் உள்ளது. அம்முறையிலும் உலராவிடின், வெப்பத்தையோ காற்றோட்டத்தையோ ஆராய வேண்டும். வெளிச்சுவரில் காற்றுப் போக்கியின் வாயருகே கையை நீட்டுங்கள். காற்று வலுவின்றி வந்தால் குழாயில் பஞ்சுத்தும்பு அடைத்திருக்கக்கூடும். தும்பு பிடிக்கும் வலையில் நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஒழுகாது தேங்கினால், சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

இச்சிறு தும்பை அலட்சியம் செய்தலாகாது. 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்த ஐக்கிய அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,900 வீட்டுத் தீவிபத்துகள் இவ்யந்திரங்களால் நேர்ந்தன என மதிப்பிட்டது. காரணங்களில் முதன்மையானது துப்புரவு செய்யாமையே. ஆதலால், ஒவ்வொரு முறையும் வலையைத் துப்புரவு செய்யுங்கள். துணி உலராது யந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தால் அதனை நிறுத்திவிடுங்கள். உள்ளே மின்கம்பிகளைத் தொடும் வேலையையும், எரிவாயுவால் இயங்கும் யந்திரத்தைத் திறப்பதையும் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.

தானாக இயங்குவது என்பதற்கு, நாம் கவனியாது விடலாம் என்பது பொருளன்று.